கால்பந்து கேள்வி–பதில்: கேப்டன் ஹூப்பியா, கோச் ஹூப்பியா

சென்ற இதழில் 2005 சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தைப் பற்றி எழுதியபோது, லிவர்பூலின் சென்டர் பேக் (கோலுக்கு முன்னே நடுவில் நின்று தடுப்பவர்), பின்லாந்தின் சாமி ஹூப்பியாவை ஒரே வரியில் கடந்துவிட்டோம். "அவரைப் பற்றி இவ்வளவுதானா?" என்று கேட்டுப் பல கடிதங்கள் வந்திருக்கின்றன. நியாயமான கோபம். இந்த முறை பகுதி முழுக்க அவருக்கே.

கேள்வி: லிவர்பூலுக்கு வரும்வரை ஹூப்பியாவை யாருக்கும் தெரியாது என்கிறார்களே, உண்மையா? (வாசகர், திருச்சி)

இங்கிலாந்து ரசிகர்களுக்குத் தெரியாது என்பது உண்மை. நெதர்லாந்தில் நன்றாகவே தெரியும்.

1973 அக்டோபர் 7 அன்று ஹெல்சிங்கிக்குக் கிழக்கே உள்ள போர்வோ ஊரில் பிறந்தவர். மைபா என்ற கிளப்புக்கு ஆடி 1992, 1995 ஆண்டுகளில் பின்லாந்து கோப்பையை வென்றார். 1995-இல் நெதர்லாந்தின் டில்பர்க் நகர கிளப்பான வில்லெம் டூவுக்குப் போனார். சிறிய கிளப்தான். ஆனால் 1998–99 பருவத்தில் டச்சு லீக்கில் இரண்டாம் இடம் பிடித்து, சாம்பியன்ஸ் லீக்குக்கே தகுதி பெற்றது.

லிவர்பூலுக்கு இவர் பெயர் போய்ச் சேர்ந்த விதம் வேடிக்கையானது. ஐரோப்பியப் போட்டிகளைத் தொலைக்காட்சிக்காகப் படம்பிடித்துவந்த ஒரு கேமராமேன், கிளப்பின் தலைமை நிர்வாகி பீட்டர் ராபின்சனிடம் வந்து, "உங்களுக்குத் தேவையான சென்டர் பேக் ஹாலந்தில் இருக்கிறார்" என்கிற மாதிரி துப்புக் கொடுத்தார். அதன்பிறகு கிளப்பின் ஆட்கள் போய்ப் பார்த்தார்கள். 1999 கோடையில் 26 லட்சம் பவுண்டுக்கு ஒப்பந்தமானது. அதே கோடையில் பிளாக்பர்னிலிருந்து சுவிட்சர்லாந்து வீரர் ஸ்டெஃபான் ஹென்ஷோவும் வந்து சேர்ந்தார்.

1998–99 லீக்கில் லிவர்பூல் வாங்கிய கோல்கள் 49. இந்த இருவரும் நடுவில் நின்ற 1999–2000 பருவத்தில் 30. ஏழாம் இடத்திலிருந்த அணி நான்காம் இடத்துக்கு வந்தது. அந்தக் காலத்து டிரான்ஸ்பர் சந்தையில் இவ்வளவு குறைந்த விலைக்கு இவ்வளவு பெரிய மாற்றம் கிடைத்தது அபூர்வம்.

கேள்வி: நானும் சென்டர் பேக்தான். உயரம் இருக்கிறது, வேகம் இல்லை. ஹூப்பியாவுக்கும் வேகம் இல்லை என்பார்கள். அவர் எப்படிச் சமாளித்தார்? நான் என்ன பழக வேண்டும்? (வாசகர், தூத்தூர், கன்னியாகுமரி மாவட்டம்)

கால்பந்து ஊரான தூத்தூரிலிருந்து இப்படியொரு கேள்வி வருவதில் வியப்பில்லை. கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறோம்.

ஹூப்பியாவின் உயரம் 1.93 மீட்டர். ஓட்டப் பந்தயத்தில் பல ஸ்ட்ரைக்கர்களிடம் தோற்பார். அதனால் ஓட்டப் பந்தயமே நடக்காமல் பார்த்துக்கொண்டார். பழைய ஆட்டங்களின் வீடியோவில் பந்தை விட்டுவிட்டு அவரை மட்டும் பாருங்கள். பந்து வைத்திருக்கும் எதிரணி மிட்ஃபீல்டர் தலையைத் தூக்கிக் காலைப் பின்னால் இழுக்கும்போதே, ஹூப்பியா இரண்டு மூன்று எட்டு பின்வாங்கியிருப்பார். பாஸ் காலைவிட்டுக் கிளம்பிய பிறகு திரும்பி ஓடுகிறவன் தோற்றுப்போனவன்தான்.

அடுத்தது நிற்கும் கோணம். இரு பாதங்களும் எதிராளியை நேராகப் பார்த்தபடி நின்றால், திரும்புவதற்குள் அவன் கடந்துவிடுவான். ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே, உடம்பு பாதி திரும்பிய நிலையில் நில்லுங்கள். எந்தப் பக்கம் அவனை அனுப்ப விரும்புகிறீர்களோ அந்தப் பக்கம், அதாவது மைதானத்தின் பக்கவாட்டுக் கோடான டச்லைன் பக்கம், திறந்து நில்லுங்கள். அப்புறம், விழுந்து டேக்கிள் செய்வதைக் கடைசி ஆயுதமாக வையுங்கள். தரையில் கிடக்கும் டிஃபெண்டரால் ஒரு பயனும் இல்லை. ஹூப்பியா அட்டை வாங்குவதே அபூர்வமாக இருந்ததற்கு நின்றுகொண்டே ஆடியதும் ஒரு காரணம்.

மூன்றாவது, கூட்டாளி. உயரப் பந்து வந்தால் ஹூப்பியா முன்னே போய்த் தலையால் முட்டுவார். ஹென்ஷோ அவருக்குப் பின்னால் நான்கைந்து மீட்டரில் இறங்கி மூடுவார். இருவரும் ஒரே பந்துக்குப் போனதை அரிதாகத்தான் பார்க்க முடியும். நம் ஊர் மைதானங்களில் கோல் விழுவது பெரும்பாலும் இங்கேதான். இரண்டு சென்டர் பேக்கும் ஒரே பந்துக்குக் குதிப்பார்கள், பின்னால் காலி இடம் கிடக்கும். "என் பந்து" என்று உரக்கக் கத்துவதைப் பயிற்சியிலேயே பழக்குங்கள்.

இதற்கொரு பயிற்சி. 30 மீட்டர் அகலம், 40 மீட்டர் நீளம் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு முனையில் கோல், கோல்கீப்பர். இரண்டு டிஃபெண்டர்கள், மூன்று அட்டாக்கர்கள். மறுமுனையில் பந்தை அனுப்ப ஒருவர். அவர் காலருகே பாஸ் கொடுக்கலாம், டிஃபெண்டர்களின் தலைக்கு மேலும் தூக்கிப் போடலாம். ஒவ்வொரு முறையும் அதிகபட்சம் 10 நொடி, அதற்குள் கோல் அல்லது கிளியரன்ஸ். எட்டு முறை ஆடி, இரண்டு நிமிடம் ஓய்வு; இப்படி நான்கு சுற்று. முதல் இரண்டு சுற்றில் பந்து அனுப்புகிறவரைத் தடுக்க யாரும் வேண்டாம். மூன்றாவது சுற்றில் ஒருவரை அவர்மேல் ஏவுங்கள். பந்துக்காரர்மீது அழுத்தம் இருந்தால் டிஃபென்ஸ் லைனை முன்னே ஏற்றலாம், அழுத்தம் இல்லாவிட்டால் இறங்கியாக வேண்டும் என்பது அப்போது காலுக்கே புரிந்துவிடும். வேகமில்லாத சென்டர் பேக் மாட்டிக்கொள்வது, அழுத்தமே இல்லாமல் லைனை ஏற்றி வைக்கும் அணிகளில்தான். அன்றைய கோச் ஜெரார் ஹூலியேயின் லிவர்பூல் கொஞ்சம் ஆழமாக இறங்கி ஆடியது ஹூப்பியாவுக்குப் பெரிய துணை.

தலையால் முட்டும்போது நின்ற இடத்திலிருந்து குதிக்காதீர்கள். இரண்டு எட்டு ஓடிவந்து ஒற்றைக் காலில் எம்ப வேண்டும். பந்தைப் பக்கவாட்டில் அனுப்புங்கள். பெனால்டி பாக்ஸின் விளிம்பில், நடுவே விழவிட்டால் அடுத்த நொடியே ஷாட் வரும். முட்டி அனுப்பியதும் அங்கேயே நிற்காமல் முன்னேறுங்கள்.

கேள்வி: அவர் அடித்த கோல்களில் மறக்க முடியாதது எது? (வாசகி, கோவை)

2005 ஏப்ரல் 5, லிவர்பூலின் ஆன்ஃபீல்டு மைதானம், யுவென்டஸுக்கு எதிரான சாம்பியன்ஸ் லீக் காலிறுதியின் முதல் ஆட்டம். 10-ஆவது நிமிடம் ஜெரார்டின் கார்னரை முதல் போஸ்டருகே லூயிஸ் கார்சியா தலையால் தட்டிவிட, பின் போஸ்டில் ஆளில்லாமல் வந்த ஹூப்பியா பந்தைத் தரையில் விழவிடாமல் இடது காலால் அடித்தார். கோலில் நின்றவர் இத்தாலியின் பிரபல கோல்கீப்பர் புஃபோன். ஆட்டம் 2–1. அடுத்த மாதம் இஸ்தான்புல் இறுதியிலும் அவர் ஆடினார்.

கேள்வி: கேப்டன் பதவியை அவரிடமிருந்து பறித்துவிட்டார்களாமே? (வாசகர், சேலம்)

2003 அக்டோபரில் ஹூலியே அந்தப் பொறுப்பை 23 வயது ஸ்டீவன் ஜெரார்டுக்குக் கொடுத்தார். லீக் கோப்பை, எஃப்.ஏ. கோப்பை, யூஃபா கோப்பை மூன்றையும் 2001-இல் ஒரே பருவத்தில் வென்ற அணியின் தூண்களில் ஒருவர் ஹூப்பியா. மனக்கசப்பு வந்திருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. ஆனால் அவர் ஆட்டத்தில் அதன் நிழல்கூட விழவில்லை. லிவர்பூலுக்கு மொத்தம் 464 ஆட்டங்கள், 35 கோல்கள். 2009 மே 24 அன்று டாட்டன்ஹாமுக்கு எதிரான கடைசி ஆட்டத்தில், ஜெரார்டுக்குப் பதிலாக அவரை இறக்கினார்கள். வெளியே வந்த ஜெரார்டு கேப்டன் பட்டையைக் கழற்றி அவர் கையில் மாட்டிவிட்டார்.

கேள்வி: லெவர்குசெனில் ஒரே நேரத்தில் இரண்டு கோச் இருந்தார்கள் என்று படித்தேன். ஏன் அப்படி? (வாசகர், மதுரை)

லைசென்ஸ்தான் காரணம். ஹூப்பியா 2009 முதல் 2011 வரை பேயர் லெவர்குசெனில் ஆடி, அங்கேயே ஓய்வு பெற்றார். பின்லாந்து தேசிய அணியில் மிக்சு பாட்டெலைனனுக்கு உதவியாளராகச் சேர்ந்தார். ஓய்வு பெற்று ஓராண்டுகூட ஆகாத நிலையில், 2012 ஏப்ரல் 1 அன்று லெவர்குசென் தன் கோச் ராபின் டுட்டை நீக்கிவிட்டு ஹூப்பியாவை அழைத்தது. ஜெர்மனியின் முதல் டிவிஷனில் தலைமை கோச்சாக இருக்கத் தேவையான உயர்நிலை லைசென்ஸ் அவரிடம் இல்லை. கிளப்பின் இளைஞர் பிரிவிலிருந்த சாஷா லெவாண்டோவ்ஸ்கியிடம் இருந்தது. ஆகவே காகிதத்தில் லெவாண்டோவ்ஸ்கி கோச், ஹூப்பியா அணி மேலாளர்; நடைமுறையில் இருவரும் சேர்ந்தே நடத்தினார்கள்.

கட்டாயத்தில் பிறந்த இந்த ஏற்பாடுதான் ஹூப்பியாவின் பயிற்சியாளர் வாழ்க்கையில் மிகச் சிறப்பாக நடந்தது என்பது எங்கள் கருத்து. பயிற்சியை வடிவமைப்பது, எதிரணியை அலசுவது எல்லாம் பல ஆண்டு இளைஞர் அணிகளில் ஊறிய ஒருவரிடம். டிரெஸ்ஸிங் ரூமில் சொல்லுக்கு மதிப்பு, பெரிய ஆட்ட அனுபவம் இன்னொருவரிடம். 2012–13 லீக்கில் மூன்றாம் இடம். அந்தப் பருவம் லீக், ஜெர்மன் கோப்பை, சாம்பியன்ஸ் லீக் மூன்றையும் வென்ற பேயர்ன் மியூனிக் லீக்கில் தோற்றது ஒரே ஒரு ஆட்டம். 2012 அக்டோபரில், சொந்த மைதானத்தில், 1–2. தோற்கடித்தது இந்த லெவர்குசென்.

ஆட்டமுறை 4–3–3, அதாவது நான்கு டிஃபெண்டர், மூன்று மிட்ஃபீல்டர், மூன்று அட்டாக்கர். நடுவில் லார்ஸ் பெண்டர், ரோல்ஃபெஸ், ரைனார்ட்ஸ் போன்ற உழைப்பாளிகள் மூவர் நெருக்கமாக நின்று எதிரணியைப் பக்கவாட்டுக்குத் தள்ளுவார்கள். பந்தைப் பறித்த நொடியில் ஷூர்லே முன்னே பாய்வார். முன்வரிசையின் நடுவில் கீஸ்லிங், அந்தப் பருவம் 25 கோல்களுடன் லீக்கின் முதல் கோலடிப்பாளர். வலது பேக்காக ரியல் மாட்ரிடிலிருந்து ஒரு பருவத்துக்கு வந்திருந்த இளைஞர் கார்வஹால்.

கேள்வி: வலையின் ஓட்டை வழியாகப் போன கோல், அவர் அணி அடித்ததுதானா? (வாசகர், புதுச்சேரி)

ஆமாம். 2013 அக்டோபர் 18, ஹோஃபன்ஹைம் மைதானம். லெவாண்டோவ்ஸ்கி இளைஞர் பிரிவுக்குத் திரும்பிவிட்டதால் ஹூப்பியா அப்போது தனி கோச். 70-ஆவது நிமிடம் கீஸ்லிங் முட்டிய பந்து போஸ்டுக்கு வெளியே போய், பக்க வலையில் இருந்த ஓட்டை வழியாக உள்ளே விழுந்தது. நடுவர் ஃபெலிக்ஸ் பிரிக் கோல் என்றார். ஆட்டம் 2–1 என்று லெவர்குசெனுக்குப் போனது. மறு ஆட்டம் கேட்டது ஹோஃபன்ஹைம். நடுவர் களத்தில் எடுத்த முடிவு இறுதியானது என்று சொல்லி ஜெர்மன் சங்கத்தின் விளையாட்டு நீதிமன்றம் மறுத்துவிட்டது. பந்து கோட்டைத் தாண்டியதா என்று கருவியே சொல்லும் கோல்கோட்டுத் தொழில்நுட்பம் அந்த லீக்குக்கு வந்தது 2015–16 பருவத்தில்.

உள்ளூர்ப் போட்டி நடத்துகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். ஆட்டத்துக்கு முன் மட்டுமல்ல, இடைவேளையிலும் வலையைச் சரிபாருங்கள். போஸ்ட்டை ஒட்டிய பக்கவாட்டு, அதிலும் முழங்கால் உயரத்துக்குக் கீழே, கிழிவது அதிகம். வார்ம்அப்பில் வீரர்கள் பந்தை அங்கேதான் திரும்பத் திரும்ப அடிப்பார்கள். நைலான் கயிறும் ஒரு கத்தரியும் கையில் இருந்தால் போதும்.

கேள்வி: பாதிப் பருவம் இரண்டாம் இடத்தில் இருந்த அணியின் கோச்சை ஏப்ரலில் ஏன் நீக்கினார்கள்? அதன்பிறகு பிரைட்டனில் என்ன ஆயிற்று? (வாசகர், ஈரோடு)

2013 டிசம்பர் வரை எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. சாம்பியன்ஸ் லீக்கில் மான்செஸ்டர் யுனைடெட்டிடம் சொந்த மண்ணில் 0–5 என்று அடி வாங்கினாலும், கடைசி ஆட்டத்தில் ரியல் சொசியடாடை அதன் ஊரிலேயே வென்று குழுவில் இரண்டாம் இடம் பிடித்தார்கள். குளிர்கால இடைவேளைக்குப் பிறகு சரிந்தது. பிப்ரவரியில் கோப்பைக் காலிறுதியில் இரண்டாம் டிவிஷன் கைசர்ஸ்லாட்டர்னிடம் தோல்வி. அடுத்த சில நாட்களில் பாரிஸ் செயின்ட் ஜெர்மைனிடம் 0–4. ஏப்ரல் 4 அன்று ஹாம்பர்க்கில் 1–2 தோற்றதும், மறுநாள் வேலை போயிற்று. மிச்சமிருந்த ஆட்டங்களுக்கு மீண்டும் லெவாண்டோவ்ஸ்கியையே அழைத்தார்கள். அணி நான்காம் இடத்தில் முடித்தது.

எங்கள் பார்வையில் கோளாறு ஆட்டமுறையில் இருந்தது. அவர்கள் நம்பியிருந்த எதிர்த்தாக்குதலுக்கு எதிரணி முன்னேறி வந்து இடம் விட வேண்டும். லெவர்குசென் பெரிய அணியாகிவிட்ட பிறகு எதிரணிகள் பின்னால் உட்கார்ந்து, "பந்தை நீயே வைத்துக்கொள்" என்று விட்டுவிட்டன. நடுவில் நெருங்கி நிற்கும் மூன்று உழைப்பாளிகளால் அந்தப் பூட்டைத் திறக்க முடியவில்லை. ஷூர்லே செல்சிக்குப் போய்விட்டார்; புதிதாக வந்த சோன் ஹியுங்-மின்னும் காலி இடத்தில் ஓடித்தான் சிறப்பார். மாற்றுத் திட்டம் வேண்டும். அதை வாரத்தில் இரண்டு ஆட்டம் ஆடிக்கொண்டே கற்றுக்கொடுக்க வேண்டும். தனி கோச்சாக முதல் ஆண்டில் இருப்பவருக்கு அது கடினமான பாடம்.

2014 ஜூனில் இங்கிலாந்தின் இரண்டாம் டிவிஷன் கிளப்பான பிரைட்டன் எடுத்துக்கொண்டது. முந்தைய பருவம் மேல் டிவிஷனுக்கான பிளே-ஆஃப் வரை போன அணி. ஆனால் அதன் முக்கிய கோலடிப்பாளர் உல்லோவா லெஸ்டருக்குச் சுமார் 80 லட்சம் பவுண்டுக்கு விற்கப்பட்டார். அவர் இடத்தை நிரப்ப வந்த ஓ'கிரேடி, பால்டாக் இருவரும் அந்த அளவுக்குக் கோலடிக்கவில்லை. நவம்பரில் டேரன் பென்ட்டைக் கடனாக அழைத்துவந்தார்கள். அந்த லீக் 24 அணிகள், 46 ஆட்டங்கள். சனிக்கிழமை ஆடி, செவ்வாய் இரவு மறுபடி ஆட வேண்டும். நடுவில் கிடைக்கும் இரண்டு நாளில் ஒன்று உடம்பு தேறுவதற்கே போய்விடும். புதிய முறையைச் சொல்லித்தர நேரம் இருக்காது. அதனால் அனுபவசாலிகள் ஜூலைப் பயிற்சி முகாமிலேயே இரண்டே இரண்டு முறைகளை ஊறவைத்துவிட்டு, பருவம் முழுக்க அவற்றையே மாற்றி மாற்றி ஆடுவார்கள். ஹூப்பியா 22 லீக் ஆட்டங்களில் வென்றது 3. அணி 22-ஆம் இடத்துக்கு, அதாவது கீழ் டிவிஷனுக்கு இறக்கப்படும் மூன்று இடங்களுக்குள் விழுந்தது. டிசம்பர் 22 அன்று அவரே ராஜினாமா செய்தார். யாரையும் குறை சொல்லி அவர் வெளியேறவில்லை என்பதைக் குறிப்பிட வேண்டும். பின்னால் வந்த கிறிஸ் ஹியூட்டன் முதலில் கோல் வாங்குவதை நிறுத்தி, அணியைக் காப்பாற்றி, 2017-இல் பிரீமியர் லீக்குக்கே ஏற்றினார்.

கேள்வி: சூரிக்கில்? (அதே வாசகர்)

2015 ஆகஸ்டில் சேர்ந்தார், 2016 மே மாதம் நீக்கப்பட்டார். சுவிஸ் லீக்கில் அப்போது பத்தே அணிகள், கடைசி அணி நேராக இறங்க வேண்டும். எஃப்.சி. சூரிக் கடைசியில் கிடந்தது. புதிய கோச் உலி ஃபோர்ட்டேயாலும் லீக்கில் காப்பாற்ற முடியவில்லை. ஆனால் அணியைக் கோப்பை இறுதிவரை கொண்டுவந்தது ஹூப்பியாதான். லுகானோவை 1–0 என்று வென்று சூரிக் கோப்பையைத் தூக்கியபோது அவர் அங்கே இல்லை.

கேள்வி: பின்லாந்தை முதன்முறையாக யூரோவுக்கு (ஐரோப்பிய நாடுகளின் கோப்பை) கொண்டுபோன கோச் கனேர்வா, ஹூப்பியா அளவுக்குப் பெரிய வீரரா? (வாசகர், தஞ்சாவூர்)

இல்லை. மார்க்கு கனேர்வாவும் டிஃபெண்டர்தான். நாட்டுக்காக 59 ஆட்டங்கள், ஹூப்பியா 105. கனேர்வா பெரும்பாலும் ஹெல்சிங்கி கிளப்களில் ஆடியவர், பள்ளி ஆசிரியராகப் பயிற்சி பெற்று வேலையும் பார்த்தவர். ஆனால் கோச் வேலையில் அவர் ஏறிவந்த படிகளைப் பாருங்கள். 2004-இல் 21 வயதுக்குட்பட்டோர் அணி. அதை 2009 ஐரோப்பியப் போட்டிக்குக் கொண்டுபோனார். பின்லாந்துக்கு அதுவே முதல் முறை. பிறகு தேசிய அணியில் தற்காலிக கோச், உதவி கோச், மறுபடி தற்காலிக கோச். முந்தைய ஆண்டு முழுக்க ஒரு ஆட்டம்கூட வெல்லாத அணிதான் 2017 தொடக்கத்தில் அவர் கைக்கு வந்தது. அவருடைய கேப்டன் டிம் ஸ்பார்வ், 2009 இளைஞர் அணியிலேயே அவரிடம் ஆடியவர். பத்தாண்டுப் பழக்கம் உள்ள வீரர்களுக்குப் புதிதாக எதையும் விளக்க வேண்டியதில்லை.

2019 நவம்பர் 15 அன்று லீக்டன்ஸ்டைனை 3–0 என்று வென்று யூரோ 2020 தகுதி. தகுதிச்சுற்றில் அணி அடித்த 16 கோல்களில் 10 டீமு புக்கியுடையவை. 2020 நவம்பரில் உலக சாம்பியன் பிரான்ஸை அவர்கள் மண்ணில் 2–0 என்று வென்றார்கள். ஓராண்டு தள்ளிப்போய் 2021-இல் நடந்த யூரோவின் முதல் ஆட்டம் கோபன்ஹேகனில், டென்மார்க்கோடு. டென்மார்க்கின் எரிக்சன் மயங்கி விழுந்து, ஆட்டம் நின்று, பின்பு தொடர்ந்த அந்த நாளில் போஹ்யன்பாலோ தலையால் முட்டியதுதான் பின்லாந்தின் ஒரே கோல் முயற்சி. டென்மார்க்கின் ஹொய்பியெர் அடித்த பெனால்டியைப் பின்லாந்து கோல்கீப்பர் ஹ்ராடெட்ஸ்கி பிடித்தார். 1–0. அடுத்து ரஷ்யா, பெல்ஜியத்திடம் தோற்று முதல் சுற்றோடு திரும்பினார்கள்.

அவருக்கும் முடிவு கசப்பாகவே வந்தது. 2024 நேஷன்ஸ் லீக்கில் இங்கிலாந்து, கிரீஸ், அயர்லாந்து மூன்றிடமும் ஆறு ஆட்டங்களிலும் தோல்வி, அத்தோடு விலகினார். ஆனாலும் எட்டு ஆண்டுகள். ஹூப்பியாவிடம் ஆட்ட அறிவு குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. அவருக்குக் கிடைக்காதது, தவறு செய்து பழக வாய்ப்புத் தரும் சின்ன வேலைகள். 21 வயது அணியோடு தோற்றால் செய்தித்தாளில் நான்கு வரி வரும். லெவர்குசெனோடு தோற்றால் வேலை போகும்.

கேள்வி: லைசென்ஸ் படிகள் எவை? இங்கே எப்படி? (வாசகர், தூத்துக்குடி)

ஐரோப்பாவில் சி, பி, ஏ, ப்ரோ என்று நான்கு. முதல் டிவிஷன் தலைமை கோச்சுக்கு ப்ரோ வேண்டும். இந்தியா ஆசியக் கூட்டமைப்பின் கீழ் வருவதால் டி, சி, பி, ஏ, ப்ரோ. அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் நடத்தும் பயிற்சிகளின் அறிவிப்பு மாநிலச் சங்கம் வழியாக வரும். விண்ணப்பிக்கும் முன்பே ஏதாவது ஒரு சிறுவர் அணியை ஒரு பருவமாவது நடத்திப் பாருங்கள். ஒவ்வொரு பயிற்சிக்கும் ஒரு பக்கம் எழுதுங்கள்: என்ன நோக்கம், எத்தனை பேர், எத்தனை நிமிடம், எது நடக்கவில்லை. பல முன்னாள் வீரர்கள் தடுமாறுவது, தங்களுக்குத் தானாக வந்ததைப் பிறருக்குப் பகுதி பகுதியாகப் பிரித்துச் சொல்லும்போதுதான். அந்த நோட்டு அதற்கு உதவும்.

கேள்வி: இந்தியாவில் பின்லாந்து வீரர் யாராவது ஆடியிருக்கிறார்களா? (வாசகி, சென்னை)

யோனி கௌகோ. கனேர்வாவின் யூரோ 2020 அணியில் இருந்த மிட்ஃபீல்டர். அந்தப் போட்டி முடிந்த 2021-லேயே கொல்கத்தாவின் மோகன் பகானுக்கு வந்து இந்தியன் சூப்பர் லீக்கில் ஆடினார்.